முழங்கால் தண்ணீர்

ரோவனுக்கு முதலை என்றால் பயம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. முதலைகள் மலிந்த வடக்கிலேயே பிறந்து வளர்ந்தவன், டயர் கடை வைத்திருக்கிறவன், ஐம்பதைத் தாண்டியவன், வருஷம் தவறாமல் ஆகஸ்ட் மாதம் நண்பர்களோடு கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு மீன் பிடிக்கப் போகிறவன். இத்தனை இருந்தும், தண்ணீர் முழங்காலைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடுவான். எப்பேர்ப்பட்ட மீன் எதிரே வந்து வாலை ஆட்டினாலும் அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்க மாட்டான்.

அந்த நண்பர்களில் கெல்வின் இதை வைத்தே இருபது வருஷமாகப் பிழைப்பு நடத்தினான். வெய்ப்பா ஊர் பப்பில் இரண்டு பியர் உள்ளே போனதும், "நம்ம ரோவன் குளியல் தொட்டியில கூட முழங்கால் அளவுதான் தண்ணி புடிப்பான்" என்று ஆரம்பித்துவிடுவான். பியர் ஊற்றுகிற பெண் முதல் மூலையில் தூங்கும் சுரங்கத் தொழிலாளி வரை எல்லோரும் சிரிப்பார்கள். ரோவனும் சேர்ந்து சிரித்து வைப்பான். வேறு என்ன செய்ய?

ஆனால் முழங்காலோடு நின்றுவிடுகிறவன் மற்றவர்களைவிடத் தூரமாக வீசியாக வேண்டும். அவர்கள் வீசுவது ஈத்தூண்டில், அதில் ஈயக்குண்டு கிடையாது. கொக்கியில் இறகும் மயிரும் சுற்றி நண்டு மாதிரியோ இறால் மாதிரியோ செய்திருப்பார்கள், அதற்கு எடையே இருக்காது. தடித்த கயிறு ஒன்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் சுழற்றி, அந்தக் கயிற்றின் கனத்திலேயே அதைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். மற்றவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மீனை நெருங்கும்போது, ரோவன் கரையில் நின்றபடியே வீசி வீசிக் கற்றுக்கொண்டான். நூறடி அவனுக்கு எட்டும். கெல்வினுக்கு அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். இதைப் பற்றி கெல்வின் பப்பில் பேசுவதில்லை.

மூன்றாவது ஆள் நெரிடா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எழுபது பிள்ளைகளின் கூச்சலில் பழகிய காது என்பதால் கெல்வினின் சட்டதிட்டங்கள் அவளை எதுவும் செய்யாது.

சட்டதிட்டம் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. படகு கெல்வினுடையது, அதனால் சட்டமும் அவனுடையது. கொக்கி நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் குட்டி முள்ளை இடுக்கியால் நசுக்கிய பிறகுதான் படகில் ஏறலாம். ஒரு வருஷம் நெரிடா வீசிய கொக்கி அவன் காது மடலில் ஏறி, ஆஸ்பத்திரி வரை போய் வந்த பிறகு போட்ட சட்டம் அது. அடுத்தது, வீசும் கயிறு சிக்கும்படி படகில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கம்பி, திருகு எல்லாவற்றுக்கும் டேப் சுற்றுவான். முன்பக்கம் நங்கூரக் கயிறு கட்டும் கொண்டியின் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடுவான். நங்கூரக் கயிறுகூடச் சுருளாகக் கிடக்கக் கூடாது. வேண்டிய நீளத்தை மட்டும் விட்டுக் கட்டிவிட்டு மிச்சத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. மூவரில் ஒருவர் எந்நேரமும் படகில் இருக்க வேண்டும்.

அன்று காலை கடல் நன்றாக வற்றியிருந்தது. ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழையும்போதே ரோவன் சேற்றுக் கரையைக் காட்டினான். ஆள் அகலத்துக்கு வழுவழுவென்று ஒரு தடம், மேலிருந்து தண்ணீர் வரை, இன்னும் ஈரம் காயாமல். இரண்டு பக்கமும் கால் நகம் கீறிய குறி. முதலை இறங்கிப் போன தடம்.

"ஆபீஸுக்குக் கெளம்பிப் போயிருக்கும்டா. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் திரும்பும்" என்றான் கெல்வின்.

முகத்துவாரத்தின் நடுவில் ஒரு மணல்திட்டு. கடல் பக்கம் பரந்த தெளிந்த ஆழமில்லாத் தண்ணீர், ஆற்றுப் பக்கம் பச்சைக் கருப்பாக ஒரு ஓடை. மற்ற இருவரையும் திட்டின் மேட்டோரம் இறக்கிவிட்டு, ஓடைப் பக்கத்து விளிம்பில் தொடையளவு தண்ணீரில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, படகுக் காவல் தன் முறை என்று கெல்வின் உட்கார்ந்துகொண்டான். நெரிடாவும் ரோவனும் கடல் பக்கம் நடந்தார்கள். தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்திருந்தது. ஏற்றத்தோடு பெர்மிட் என்கிற மீன்கள் மேயவரும், அதற்காகத்தானே வந்தது.

வந்தன. ஆனால் நெரிடாவும் ரோவனும் காத்திருந்த பக்கம் வரவில்லை. திட்டின் மறுகோடியில், படகுக்குப் பக்கத்திலேயே, அரிவாள் மாதிரி வளைந்த கறுப்பு வால்கள் தண்ணீருக்கு மேலே ஆடின. அந்த மீனைப் பிடிப்பதற்காக மனுஷர்கள் கல்யாண நாளை மறந்திருக்கிறார்கள். கெல்வின் ஆறு வருஷமாக அதன் பின்னால் அலைந்தும் ஒன்றுகூடக் கொக்கியில் ஏறவில்லை. தூண்டில் கோலைத் தூக்கிக்கொண்டு படகிலிருந்து இறங்கினான். "அஞ்சே நிமிஷம்" என்று அவன் கத்தியது இருவருக்கும் கேட்டது. சட்டம் போட்டவனே மீறினால் யார் கேட்பது? நெரிடா கேட்கவில்லை. ரோவன் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அவன் கண்ணும் அந்த வால்களின் மேல்தான் இருந்தது. மூவரும் அவற்றின் பின்னாலேயே திட்டின் நீளத்துக்கும் நடந்தார்கள். மீன் பிடிக்கிறவர்களின் ஐந்து நிமிஷம் எவ்வளவு என்று அவர்கள் வீட்டில் காத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

முதலில் பார்த்தது ரோவன்தான். அடிக்கொரு தரம் திரும்பிப் பார்க்கிறவன் அவன் ஒருவன்தான்.

படகு விட்ட இடத்தில் இல்லை. தொடையளவு தண்ணீருக்கு அளந்து விட்ட கயிறு, தண்ணீர் ஏறியதும் போதாமல் போய், நங்கூரத்தைத் தானே தூக்கிவிட்டது. படகு ஓடைப் பக்கம் நழுவி, நங்கூரம் அடிமணலைக் கீறக் கீற மெதுவாக ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. ரேடியோ, அவசர சமிக்ஞைக் கருவி, மிதவைச் சட்டைகள், குடிதண்ணீர், எல்லாம் அதில். போன் அங்கே எடுக்காது. நடுப்பகலுக்குள் இந்தத் திட்டு இருக்கிற இடமே தெரியாது, தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும். இது மூவருக்கும் தெரியும்.

மூவரும் ஓடினார்கள். திட்டின் விளிம்புக்கு வந்து நின்றபோது படகு நூறடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து ஓடையின் நடு ஆழத்துக்குப் போய்விட்டால் நங்கூரத்துக்குத் தரை எட்டாது. அதற்கப்புறம் படகு போன போக்குத்தான்.

"அங்க பாரு" என்றாள் நெரிடா, மெதுவாக. ஓடையின் அக்கரையில், சதுப்பு மரங்களின் நிழலில், தண்ணீரோடு தண்ணீராக ஒரு மூக்கு, கொஞ்சம் தள்ளி இரண்டு கண்மேடுகள். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இருந்த தூரத்தை வைத்து அது எவ்வளவு பெரிசு என்று ரோவன் கணக்குப் போட்டான். அது அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, யாரும் கண்ணை எடுக்காமல் இருக்கும்போதே, ஓசையில்லாமல் உள்ளே இறங்கிவிட்டது. அந்த இடத்தில் ஒரு வட்டம்கூட விரியவில்லை.

தெரிகிற முதலையைவிடத் தெரியாத முதலை மோசம். இப்போது அது இந்த ஓடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினான். கெல்வின் இடுப்பில் கட்டியிருந்த கூடையின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். வீசும் கயிறு காலில் சிக்காமல் சேர்த்துவைக்கிற வெள்ளை பிளாஸ்டிக் கூடை. அதைப் பின்னால் மேட்டு மணலில் வீசிவிட்டுக் குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தான்.

"என்னடா பண்றே?" என்றான் ரோவன்.

"நீந்தப் போறேன். நூறடி கூட இல்ல. நீச்சல் குளத்துல ஒரு குறுக்கு, அவ்வளவுதான்."

"அது எங்க இருக்குன்னு பார்த்தேல்ல?"

"அது அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். விட்டது நான்டா. நான்தான் போயி எடுத்துட்டு வரணும்."

அவன் முகம் வெளிறியிருந்தது. குரலில் மட்டும் பப்பில் பேசுகிற கெத்து. இந்த மடையன் பயந்துபோயிருக்கிறான், பயந்துகொண்டே போகப் போகிறான் என்பது ரோவனுக்குப் புரிந்தது. சிரிக்க வைத்தும் அழ வைத்தும் இருபது வருஷம் கூடவே இருந்தவன். ரோவனின் மனைவி இறந்த வாரம் கடையைத் திறந்து உட்கார்ந்து, டயர் மாற்றத் தெரியாமல் மாற்றிக் கொடுத்தவன். அவன் இந்தத் தண்ணீரில் இறங்கினால் படகுக்குப் போய்ச் சேர மாட்டான். ரோவனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

கையைப் பிடித்து நிறுத்த முடியாது, கெல்வின் காளை மாதிரி இருப்பான். கெஞ்சினால் கேட்கிற ஜாதியும் இல்லை. ரோவன் தன் காலைப் பார்த்தான். தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"ஒரே ஒரு விஷயம் கேளு" என்றான். "நான் படகு மேல வீசிப் பாக்குறேன். தண்ணி என் முழங்காலைத் தொடுற வரைக்கும் எனக்கு டைம் குடு. தொட்டுச்சுன்னா நீ போ. நான் தடுக்க மாட்டேன்."

கெல்வின் குனிந்து ரோவனின் காலைப் பார்த்தான். "முழங்கால் வரைக்கும்" என்றான். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட நிக்க மாட்டேன்."

முதல் வீச்சு பாதி வழியில் சுருண்டு விழுந்தது. அவசரப்பட்டுவிட்டான். கயிற்றை இழுத்துத் தன் இடுப்புக் கூடையில் சேர்த்துக்கொண்டு மறுபடி சுழற்றினான். இந்த முறை நேராகப் போய்ப் படகின் முன்பக்கம் விழுந்தது. இழுத்ததும் கொக்கி எதிலோ ஏறியது. நெரிடா அவன் தோளைப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தான். கொண்டியை மூடியிருந்த துண்டு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் விழுந்தது.

கயிறு சிக்கக் கூடாது, சிக்கக் கூடாது என்று காலையெல்லாம் டேப் சுற்றிய படகு. இப்போது சிக்கிக்கொள்ள அதில் ஒரு திருகாணிகூட இல்லை. துண்டு போன கொண்டியும் வழவழப்பான இரும்பு, அதில் கொக்கி நிற்காது. கொக்கி ஏற வெளியே இருந்தது ஒன்றே ஒன்று, முன்பக்கத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் நங்கூரக் கயிறு. விரல் தடிமன். அதற்கு அப்பால் கொக்கியைப் போட்டு, கயிற்றின் மேல் உரசி இழுத்து, அதன் புரியில் ஏற்ற வேண்டும்.

துண்டை விடுவித்துவிட்டு வீசினான். இடது பக்கம் போனது. வீசினான், எட்டவில்லை. தண்ணீர் ஆடுசதையில் ஏறியது. கெல்வின் படகைப் பார்க்கவில்லை, ரோவனின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோவன் ஓரடி பின்னால் வைத்தான்.

திட்டு நடுப்பகுதியை நோக்கி லேசாக மேடேறும். ஓரடி பின்னால் போனால் தண்ணீர் இரண்டு விரல் இறங்கும். ஆனால் வீச வேண்டிய தூரம் ஓரடி கூடும். எட்டுவதே பெரும்பாடாக இருக்கும்போது தூரத்தைக் கூட்டிக்கொள்வது பைத்தியக்காரத்தனம். வீச்சு தெரிந்த நெரிடா அவனை வினோதமாகப் பார்த்தாள். பிறகு அவன் முழங்காலைப் பார்த்தாள். முகத்தைப் படகுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எங்கடா பின்னாடி போறே?" என்றான் கெல்வின். "அது இன்னும் இங்க வரல."

ரோவன் கயிற்றைச் சுழற்றினான். வீசினான், ஓரடி பின்னால் போனான், படகு நகர நகரப் பக்கவாட்டிலும் நடந்தான், மறுபடி வீசினான். தோள்பட்டை எரிந்தது. கறுப்பாக எது தெரிந்தாலும் அதுவோ என்று கண் அங்கே ஓடியது. பின்னால் போக இன்னும் நாலைந்து அடிதான் மேடு இருந்தது. அதற்கப்புறம் மறுபுறம் சரிவு. தண்ணீர் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. தன் உயிரைப் பற்றிய பயம் எப்போது போனது என்று அவனுக்கே தெரியாது. பக்கத்தில் வெறுங்காலோடு நிற்கிறவனைப் பற்றிய பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அது இன்னும் பெரிதாக இருந்தது.

மேட்டின் உச்சியில் நின்று வீசியதுதான் அவன் வாழ்நாளில் வீசியதிலேயே நீளமான வீச்சு. கூடையில் இருந்த கயிறு முழுவதும் காலியானது. நண்டுத் தூண்டில் படகின் மூக்கைத் தாண்டி விழுந்தது, கயிறு நங்கூரக் கயிற்றின் மேல் படிந்தது. ரோவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் விரலாக இழுத்தான். எதிலோ நின்றது.

இனிமேல்தான் கஷ்டம். நுனியில் இருந்த மெல்லிய நைலான் நரம்பு எட்டுக் கிலோ இழுப்புக்கு அறுந்துவிடும். கொக்கியில் முள் நசுக்கப்பட்டிருந்தது. கொஞ்சம் தளரவிட்டால் கழன்றுவிடும், கொஞ்சம் முறுக்கினால் அறுந்துவிடும். பெரிய மீனோடு மல்லுக்கட்டுவது போலப் படகோடு மல்லுக்கட்டினான். அது இழுத்தபோது கயிற்றை விட்டுக் கூடவே நடந்தான், அது சோர்ந்தபோது வாங்கினான். படகு தயங்கியது. பிறகு மூக்கை அவர்கள் பக்கம் திருப்பியது.

"வருது" என்றாள் நெரிடா. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ரோவன் கூடையைப் பார்த்தான். கெல்வின் கழற்றி எறிந்த வெள்ளைக் கூடையைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போயிருந்தது. படகு போன அதே நீரோட்டத்தில், ஒருவன் நீந்தியிருந்தால் போயிருக்கக்கூடிய அதே வழியில், மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது. மூவரும் அதைப் பார்த்தார்கள். பாதி தூரம் போயிருக்கும்.

தண்ணீர் கீழிருந்து உப்பி எழுந்தது. கட்டைக் கதவை அறைந்து சாத்துவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். கூடை இல்லை, நுரை மட்டும் இருந்தது.

ரோவனின் கை வெடுக்கென்று பின்னால் போகப் பார்த்தது. போகவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நரம்பை அதே இறுக்கத்தில் வைத்திருந்தான். எப்படி வைத்திருந்தான் என்று இன்று கேட்டாலும் அவனுக்குத் தெரியாது. கெல்வின் ஆடுசதையளவு தண்ணீரில் வெறுங்காலோடு நின்றபடி அந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படகு பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றுவிட்டது. ஆழத்தில் பிடிக்காத நங்கூரம், திட்டின் சரிவுக்கு வந்ததும் மணலில் வசமாகப் புதைந்துகொண்டது. இழுத்தால் நரம்பு அறும். நடந்துதான் போக வேண்டும், இடுப்பளவு கலங்கல் தண்ணீரில்.

முதலில் இறங்கியது ரோவன். துணிச்சல் என்று சொல்ல முடியாது. யோசித்தால் இறங்க மாட்டான் என்று அவனுக்கே தெரியும், அவ்வளவுதான். ஒரு கையால் கெல்வினின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான், மறுபக்கம் நெரிடா பிடித்திருந்தாள். முழங்கால் மூழ்கியது. தொடை மூழ்கியது. காலில் ஏதோ உரசியது, வெறும் பாசி. இடுப்பு மூழ்கியது. அலுமினிய விளிம்பு கையில் பட்டதும் நெரிடாவை மேலே தள்ளினார்கள், அவள் கெல்வினை இழுத்தாள். கடைசியில் ரோவன் ஏறிப் படகின் தரையில் குப்புற விழுந்தான். நங்கூரக் கயிற்றை நெரிடா தூக்கும்போது கொக்கி அவள் விரல் பட்டதும் தானாகவே கழன்று விழுந்தது.

எஞ்சினைக் கிளப்ப கெல்வின் சாவியைத் தொட்டான். மூன்று தரம் முயன்றும் விரல் திருப்பவில்லை. நெரிடா அவனை நகர்த்திவிட்டுத் தானே கிளப்பினாள்.

முகத்துவாரம் தாண்டித் திறந்த கடலுக்கு வந்த பிறகு கெல்வின் ரோவன் பக்கம் திரும்பினான்.

"ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு அடி பின்னாடி போனியேடா. பயந்துக்கிட்டுப் பின்வாங்குறேன்னு நெனச்சேன்."

"பயந்துக்கிட்டுத்தான் போனேன்" என்றான் ரோவன்.

கெல்வின் அவன் முழங்காலைப் பார்த்தான். பிறகு தன் வெறுங்காலைப் பார்த்தான். அவன் கை இடுப்புக்குப் போய், அங்கே இல்லாத கூடையின் வாரைத் தேடிவிட்டுத் திரும்பியது.

அன்று மாலை பப்பில் யாரோ அந்தக் குளியல் தொட்டிக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். தனக்கு மறந்துபோய்விட்டது என்றான் கெல்வின்.